வீட்டுக் கை

சூசைமேரிக்கு நன்றி சொல்வது ஒரு வியாதி. இப்படிச் சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள். ஆரணியில் அவள் இருந்த நெசவாளர் தெருவில், குழாயடியில் யாராவது குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டால் போதும், "நல்லா இருப்பே கண்ணு" என்று வாழ்த்திவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பாள். சாயங்காலம் செபமாலை சொல்லி முடித்ததும் வீட்டில் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். இவள் மட்டும் முழங்காலிலேயே இருந்து, அன்றைக்குத் தனக்கு நல்லது செய்தவர்களை ஒவ்வொருவராக மாதாவிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். சில்லறையைச் சரியாகத் திருப்பிக் கொடுத்த பஸ் கண்டக்டர்கூட அதில் இருப்பார். சில்லறையைச் சரியாகக் கொடுப்பது அந்த ஆளின் வேலை என்று எடுத்துச் சொன்னால் அவளுக்குப் புரியாது. அல்லது புரிந்தும் புரியாதது போல இருந்திருப்பாள், அந்தக் கெட்டிக்காரத்தனமும் அவளிடம் உண்டு.

வந்தவாசிப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கும் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். அறுபத்திரண்டில் மைக்கேல்ராஜுக்கு வாழ்க்கைப்பட்டு ஆரணிக்கு வந்தாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு தறிகள். ஒன்றில் மைக்கேல்ராஜ், மற்றதில் அவனுடைய அண்ணன் சவரிமுத்து. வந்த புதிதில் ராட்டை சுற்றினாள், பாவு பிணைத்தாள், இரண்டு வருஷத்தில் தறியிலும் உட்கார்ந்துவிட்டாள். காலை மிதியில் வைத்த மாத்திரத்தில் கை தானாக ஓடியது என்று மைக்கேல்ராஜ் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். அப்படிப் பெருமைப்படுகிற புருஷன் கிடைத்ததற்கு அவள் சொன்ன நன்றி மட்டும் நியாயமானது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. தம்பி பெண்டாட்டி புருஷனுடைய அண்ணனோடு, அதாவது மச்சாண்டாரோடு, நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிற்கவும் கூடாது. அவரோடு ஏதாவது பேச வேண்டியிருந்தால் சவரிமுத்துவின் மனைவி ரோசம்மாள் வழியாகத்தான் பேச வேண்டும். ரோசம்மாள் கடைக்குப் போயிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "அரிசி தீந்துபோச்சி" என்று சூசைமேரி சுவரிடம் சொல்வாள். "நாளைக்கு வாங்கியாறேன்" என்று சவரிமுத்து உத்தரத்திடம் பதில் சொல்வார். மாமியார் காலத்துச் சட்டம் இது. மாமியார் செத்த பிறகும் சட்டம் சாகவில்லை.

எழுபத்தொன்றில் மைக்கேல்ராஜ் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அவள் கையில் எட்டு வயது மகள் பிலோமினா. நெசவாளர் சங்கத்தில் மெம்பராக இருப்பவருக்குத்தான் பட்டு கொடுப்பார்கள், நெய்த சேலைக்குக் கூலியும் அவர் கையில்தான் வரும். மைக்கேல்ராஜின் இடத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி சூசைமேரி ரோசம்மாள் மூலம் கேட்டாள். ரோசம்மாள் சவரிமுத்துவிடம் சொல்ல, சவரிமுத்து சங்கத்தில் போய்ச் சொன்னார். சங்க போர்டில் அப்போதே செல்வாக்காக இருந்தவர் குப்புராஜ்.

"பொம்பளைக்கு இன்னாத்துக்குய்யா மெம்பரு? நீ ஆம்பள இருக்கறே. ரெண்டு தறிப் பட்டையும் நீயே வாங்கிக்கோ" என்றார் குப்புராஜ்.

நெசவாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போர்டு அது. ஜனநாயகம் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் மீசை வைத்தவர்களாக இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

அதிலிருந்து ஐந்து வருஷம் அவள் நெய்தாள், கூலி சவரிமுத்து கைக்குப் போனது. சவரிமுத்து கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குடிக்க மாட்டார். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே உலையில்தான் சோறு. கிறிஸ்துமஸுக்குத் தன் பிள்ளைகளுக்கு எடுக்கும் துணியையே பிலோமினாவுக்கும் எடுப்பார். ஆனால் நெய்கிறவள் ஒரு சோப்புக்கட்டிக்கும் சுவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. அதற்கும் அவள் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பிலோமினா எட்டாவது முடிக்கும்வரை.

"பாப்பா மேல படிக்கணும்னு ஆசப்படுதுக்கா, அவருகிட்ட சொல்லு" என்று ரோசம்மாளிடம் சொல்லி அனுப்பினாள். உள்ளே இருந்து ஒரே வார்த்தை பதிலாக வந்தது. "போதும்."

அன்றைக்குச் செபமாலை முடிந்ததும் சூசைமேரி உடனே எழுந்துவிட்டாள். மாதாவிடம் சொல்வதற்கு யாருடைய பெயரும் இல்லை. ரோசம்மாள் அதைக் கவனித்தாள்.

எழுபத்தாறு தொடக்கத்தில் சென்னையில் ஆட்சி கலைந்தது. நாடு முழுக்க எமர்ஜென்சி. சில மாதத்தில் சங்கத்து போர்டையும் கலைத்துவிட்டு, தனி அதிகாரி என்று ஒருவரை அனுப்பினார்கள். பெயர் வீரபாகு, தெற்கத்தி ஆள். சங்கக் கதவு சொன்ன நேரத்துக்குத் திறந்தது. குப்புராஜ் தெருவில் நடக்கும்போது தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. டீக்கடையில் அரசியல் பேச்சு நின்றுபோய், எல்லோரும் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். மழைக்காலம்கூட இல்லை அது.

"அந்தாளுகிட்ட போய் நேரா கேளு. அவரு உனக்கு இன்னா மச்சாண்டாரா, சுவத்தப் பாத்துப் பேசறதுக்கு?" என்றாள் ரோசம்மாள். சவரிமுத்துவின் சொந்த மனைவி சொன்ன யோசனை இது.

சூசைமேரி போனாள். வீரபாகு முழுதும் கேட்டார். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் காலையில் தானே தெருவுக்கு வந்து தறிக்குழி ஓரத்தில் நின்றார். சூசைமேரி தறியில் இருந்தாள். பட்டுச் சேலைக்குக் கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் கோக்கும்போது, ஓரத்து நூலை ஓட்டும் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். ரோசம்மாள் அங்கே இருந்தாள்.

"இந்தத் தறியில எப்பவும் நெய்யிறது யாரு?" என்று சவரிமுத்துவைக் கேட்டார் அதிகாரி.

"அதுதாங்க சார் நெய்யுது. பேரு யாருதா இருந்தா இன்னாங்க, ஒரே குடும்பம்தானே."

"அப்ப அந்தம்மா பேர்லயே இருக்கட்டுமே."

சூசைமேரி மெம்பர் ஆனாள். புருஷனை இழந்து தறியோடு நின்ற முனியம்மாள், அபிதகுசாம்பாள் என்று வேறு தெருக்களிலும் பல பெண்கள் அதே வழியில் மெம்பர் ஆனார்கள். முதல் கூலியை வாங்கிய அன்றே சூசைமேரி பிலோமினாவை ஒன்பதாவதில் சேர்த்தாள். வீரபாகு சாரும் அவர் பிள்ளைகுட்டிகளும் அன்று முதல் மாதாவின் காதில் தினமும் விழ ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. பிலோமினாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரைப் போலீஸ் வந்து அழைத்துக்கொண்டு போயிருந்தது. மேடையில் ஏதோ பேசினாராம். அவருடைய மனைவி கைக்குழந்தையோடு வேலூர் ஜெயிலுக்கும் ஆரணிக்குமாக பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். "அந்தம்மா அழுதுகினு போற அதே காலத்துலதான் எனக்கு நல்லது நடந்துது. வெளிய சொல்லவே கூச்சமா கீதுக்கா" என்று ரோசம்மாளிடம் சொல்வாள். நன்றியும் கூச்சமும் ஒன்றாக இருக்க முடியும் என்பது பெரிய அரசியல் தலைவர்கள் பலருக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிந்திருந்தது.

வீரபாகு மாற்றலாகிப் போனார். அடுத்து வந்த அதிகாரிக்குப் பெண்கள் படியேறி வந்தாலே தலைவலி. ஒரு மழைக்காலம் முழுக்கப் பெண்களின் தறிகளுக்குப் பட்டு தராமல் இழுத்தடித்தார். காரணம் கேட்டால் நாளைக்கு வா என்பார். நாளைக்குப் போனால் அவர் வேலூருக்குப் போயிருப்பார். யாரிடம் முறையிடுவது? போர்டு இல்லை, ஓட்டு இல்லை, மேலே இருப்பவர் யாரென்றே தெரியாது. அப்போதுதான் சூசைமேரிக்கு ஒரு விஷயம் உறைத்தது. நல்லவர் கையெழுத்துப் போட்டதால் தறி வந்தது. வேறொருவர் கையெழுத்துப் போடாததால் தறி நின்றது. நடுவில் இவளை யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

ஆகவே எண்பத்தொன்றில் சங்கத்துக்கு மறுபடி தேர்தல் என்று தண்டோரா போட்டபோது அவள் சந்தோஷப்பட்டதைப் போல அந்தத் தெருவில் வேறு யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். பத்து வருஷத்துக்கு முன் பொம்பளைக்கு எதற்கு மெம்பர் என்று கேட்ட குப்புராஜ் வாசலில் வந்து நின்று, "மேரியக்கா, ஒங்க தம்பிய மறந்துடாதீங்க" என்று கும்பிட்டார். வயதில் அவர் இவளுக்கு அப்பா மாதிரி. ஓட்டு என்று வந்துவிட்டால் வயசு பின்னால் போகும் போலிருக்கிறது.

தேர்தல் என்றால் பெட்டியும் சீட்டும் இல்லை. சங்கத்து முற்றத்தில் பந்தல் போட்டு, கூட்டம் கூடி, கை தூக்குவது. பெண் மெம்பர்கள் வந்து வருகையைப் பதிந்துவிட்டு, காம்பவுண்டு சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்கள் நிறைந்த பந்தலில் போய் உட்கார யாருக்கும் கால் வரவில்லை. "எனுக்கும் சேத்து நீயே தூக்கிடுடா" என்று முனியம்மாள் தன் மகனிடம் சொல்லி அனுப்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். சூசைமேரியும்தான், ரோசம்மாள் வழியாக. உள்ளே ஆண்கள் தங்களுக்காக வலது கையையும் வீட்டுப் பெண்ணுக்காக இடது கையையும் தூக்கினார்கள். அதற்கு வீட்டுக் கை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எந்த விதிப்புத்தகத்திலும் அது கிடையாது. ஆனாலும் எண்ணினார்கள். குப்புராஜ் தலைவரானார். கூட்டம் முடிந்து வெளியே வந்த மிக்சர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சூசைமேரி, தன் சிரமத்தைக் குறைத்த மச்சாண்டாருக்காக அன்றைக்கும் மாதாவிடம் நன்றி சொன்னாள். அசட்டுப் பெண்.

மறு வருஷமே அது தலைக்கு வந்து நின்றது. பெங்களூரிலிருந்து வரும் பட்டு குறைந்துபோனது. இருப்பதை எப்படிப் பிரிப்பது என்று போர்டு கூடிப் பேசி ஒரு தீர்மானம் எழுதியது. ஒரே கதவு எண்ணில் இரண்டு மெம்பர் இருந்தால், பட்டும் கூலியும் ஆண் மெம்பர் பேரில் மட்டும். ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கினால் நிறைவேறிவிடும். முனியம்மாள்தான் குழாயடியில் வந்து சேதி சொன்னாள்.

"நம்ம தறியப் புடுங்கறதுக்கு நம்ம கையையே தூக்கப் போறானுங்கடி மேரி. இன்னா பேஜாராப் போச்சி பாரு!"

சூசைமேரி குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நின்றாள். பிலோமினா அப்போது ஆசிரியர் பயிற்சியில் முதல் வருஷம். இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிட்டால் டீச்சர். கூலி கை மாறினால் அந்த ஒரு வருஷத்துக்கும் சுவரிடம் போய் நிற்க வேண்டும். சுவர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும், ஒரு முறை சொல்லியிருக்கிறது.

கூட்டத்தன்று காலையில் சவரிமுத்து சலவை வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். தறியிலிருந்தபடியே சூசைமேரி சொன்னாள், "அக்கா, என் கையத் தூக்க வேணான்னு சொல்லுக்கா."

ரோசம்மாள் சொன்னாள். இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்த சவரிமுத்துவுக்கு அது முதலிலேயே கேட்டிருந்தது. ஆனாலும் முறைப்படி மனைவி வாயிலிருந்து இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டு, மனைவியிடமே பதில் சொன்னார். "ஆம்பளைங்க எல்லாம் பேசி முடிச்சிட்டாங்க. ஒரே குடும்பம், யார் பேர்ல வந்தா இன்னா? சோறு போடாமயா வுட்டுட்டேன்?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சோறு போட்டது உண்மை. அதனால்தான் சூசைமேரிக்கு அழுகை வந்தது. பொல்லாத மனிதராக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். நாடா பாதியில் நின்றது. பக்கத்தில் கரை நாடாவோடு இருந்த ரோசம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி பாத்துகினு கீறே? நான் சொன்னா கேக்கமாட்டாரு. சுவரு சொன்னாலும் கேக்காது. நீயே போய்ச் சொல்லு."

"அவருகிட்டயா? நானா?"

"ஜல்தி போடி. மானம் போனா நான் பாத்துக்கறேன்."

சூசைமேரி முகத்தைக் கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அங்கே நிற்கவில்லை. "ஏய், எங்கடி போறே?" என்று முனியம்மாள் கேட்டு முடிப்பதற்குள் காம்பவுண்டுக் கதவைத் தாண்டிப் பந்தலுக்குள் போய்விட்டாள்.

உள்ளே தீர்மானத்தைப் படித்து முடித்திருந்தார்கள். மேடையில் குப்புராஜ். பக்கத்தில் கூட்டுறவு இலாகாவிலிருந்து வந்திருந்த ஒருவர், சோடா குடித்துவிட்டு அரைத் தூக்கத்தில். குப்புராஜ் அவளைப் பார்த்தார். "இன்னாம்மா, மிக்சரு அப்பாலதான் குடுப்பாங்க. வெளிய இரு." சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் அவர் கூட்டத்தைப் பார்த்து, "ஆதரிக்கறவங்க கையத் தூக்குங்கப்பா" என்றார்.

கைகள் எழுந்தன. சிலருக்கு ஒன்று, பலருக்கு இரண்டு. மூன்றாவது வரிசையில் சவரிமுத்து இரண்டையும் தூக்கியிருந்தார். பின்னாலிருந்து பார்க்க, போலீஸிடம் அகப்பட்டவர் மாதிரி இருந்தார். சூசைமேரியின் கால்கள் இருபது வருஷமாக அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் போகாத கால்கள். வரிசைகளுக்கு நடுவே நடந்து போய் அவருக்கு எதிரில் நின்றாள்.

"மாமா."

சவரிமுத்து நிமிர்ந்தார். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். இருபது வருஷமாகச் சுவரிடமும் ரோசம்மாளிடமும் பேசக் கேட்டிருக்கிறார். தன்னைப் பார்த்துப் பேசி இப்போதுதான் கேட்கிறார்.

"அந்த எடது கை என்னுதுங்க. எறக்கிடுங்க."

பந்தலில் யாரோ ஒருவர் இருமினார். மேடையிலிருந்து குப்புராஜ்தான், "இதெல்லாம் வழக்கம்தாம்மா, வீட்டுக் கை. உனுக்கு இன்னா தெரியும்?" என்றார். வழக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் இலாகா ஆள் கண்ணைத் திறந்துவிட்டார். என்ன கை, யாருடைய கை என்று விசாரிக்க ஆரம்பித்தார். குப்புராஜ் விளக்க விளக்க அவர் நாற்காலியில் நிமிர்ந்துகொண்டே வந்தார்.

சூசைமேரிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. சவரிமுத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வெட்கமா, அவளுக்குத் தெரியவில்லை. சபையில் மானத்தை வாங்கிவிட்டாளே என்று எழுந்து அறைந்தாலும் அறையலாம். அறைந்தாலும் நகர்வதில்லை என்று நின்றாள். இடது கை மெதுவாக இறங்கியது. அவர் தொடையின் மேல் வந்து உட்கார்ந்தது.

கதவுப் பக்கத்தில் சலசலப்பு. முனியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள். "எங்கடா இருக்கறே? என் கையக் குடுடா!" என்று மகனைத் தேடினாள். பின்னாலேயே அபிதகுசாம்பாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக இடது கைகள் இறங்கின. சில இடங்களில் பெண்கள் வந்து சேர்வதற்கு முன்பே இறங்கிவிட்டன.

"சரி, சரி, ஆளுக்கு ஒண்ணுதான். எண்ணுங்க" என்றார் இலாகா ஆள். இடது கைகள் போனாலும் வலது கைகள் இன்னும் நிறைய இருந்தன. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சரியாக வரும் போலத் தெரிந்தது. தான் கேட்டது கிடைத்துவிட்டது, இனிமேல் தேவன் விட்ட வழி என்று சூசைமேரி திரும்பினாள். அப்போது சவரிமுத்து வலது கையையும் இறக்கினார்.

அவள் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஏன் இறக்கினீர் என்று பிற்பாடும் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் முடிக்கிற மனிதர், அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையும் இல்லை.

"எதிர்க்கறவங்க?" என்று கேட்டார் குப்புராஜ். குரல் இறங்கியிருந்தது.

சவரிமுத்து கை தூக்கினார், ஒரே கை. அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் தூக்கினார்கள். சுவர் ஓரமாக நின்ற பெண்கள் எல்லோரும் தூக்கினார்கள். மச்சாண்டாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சூசைமேரி தன் கையைத் தானே தூக்கினாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து எதுவும் தெரியவில்லை. வீரபாகு சார், ரோசம்மா அக்கா, அழுதுகொண்டே ஜெயிலுக்குப் போன வாத்தியார் மனைவி, செத்துப்போன மைக்கேல்ராஜ், இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர் என்று ஒவ்வொரு பெயராக நெஞ்சுக்குள் வந்துகொண்டே இருந்தது. நன்றி சொல்லித் தீராது போலிருந்தது. இத்தனை நாள் சொன்னதையெல்லாம் கிண்டல் செய்தாலும், அன்றைக்குச் சொன்னதைக் கிண்டல் செய்ய நமக்கு வாய் இல்லை.

தீர்மானம் தோற்றது என்று படித்தார்கள். கூட்டம் எழுந்து கலைந்தது. மிக்சர் பொட்டலம் வந்தது. முனியம்மாள் இரண்டு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

"எறக்குடி மேரி. எண்ணி முடிச்சி எவ்ளோ நேரம் ஆவுது!"

"இரு அக்கா," என்றாள் சூசைமேரி. "இன்னும் கொஞ்ச நேரம் தூக்கிகினு இருக்கறேன்."